எந்த நாளைக் கொண்டாடுவது?

(நவம்பர் 1 அன்று கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே. முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே. வரவேற்புரையில் என் மனைவிக்குக்கூடத் தெரியாத பெருமைகளையெல்லாம் என்மேல் ஏற்றிவைத்த வாசகர் வட்டச் செயலாளர் தம்பி அவர்களே. நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே. நன்றியுரைக்காகப் பொறுமையோடு காத்திருக்கும் நூலகர் அவர்களே. பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேடையில் நாற்காலி அதிகம், என் கண்ணாடி பழசு.

பொன்னாடை போர்த்திய தலைவர் அம்மாவுக்கும் நன்றி. துண்டுக்குப் பதிலாகப் புத்தகம் கொடுங்கள் என்று மேடைக்கு மேடை சொல்லி வருபவன் நான். இங்கே இரண்டும் கொடுத்துவிட்டீர்கள். சரி, வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்று நான்கு செய்திகளைப் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். முதலாவது, தமிழ்நாட்டுக்குப் பிறந்தநாள் நவம்பர் 1ஆ, ஜூலை 18ஆ என்ற வழக்கு. இரண்டாவது, ஒரு நாள் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்ற தகராறு. மூன்றாவது, அரசுகள் விழா நாட்களை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பது. நான்காவது, எந்த நாட்காட்டியிலும் அச்சாகாத நம்முடைய சொந்த நாட்கள்.

என் பேச்சை முன்பு கேட்டவர்களுக்குத் தெரியும், ‘நாள் செய்வது நல்லார் செய்யார்’ என்ற பழமொழியைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கியதில்லை. காலம் கூடி வந்தால் தானாக நடக்கும், எத்தனை நல்லவர்கள் முயன்றும் நடக்காதது நடக்கும் என்பது பெரியவர்கள் சொல்லும் பொருள். எனக்கு அந்தப் பழமொழியோடு ஒரு செல்லச் சண்டை உண்டு. நல்லார் செய்து முடித்ததை நாள் தன் பெயரில் எழுதிக்கொள்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

இன்றைய தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு சேர்ந்தன. செங்கோட்டையும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. பள்ளிப் புத்தகத்தில் இது இரண்டு வரிதான். அந்த இரண்டு வரிக்காக மார்ஷல் நேசமணி தலைமையில் எத்தனை ஆண்டுப் போராட்டம்! 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து மனிதர்கள் செத்திருக்கிறார்கள். நவம்பர் 1 எல்லோருக்கும் தெரிகிறது. ஆகஸ்ட் 11 தெற்கத்திக்காரர்களைத் தாண்டி யாருக்குத் தெரிகிறது?

வடக்கே திருத்தணி அன்றைக்கும் ஆந்திரத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் விடாமல் போராடியதில் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம் பக்கம் வந்தது. அப்படிப் பார்த்தால் திருத்தணிக்காரருக்கு நவம்பர் 1 எப்படிப் பிறந்தநாளாகும்?

அப்புறம் பெயர். விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. வயதானவர், வேண்டாம் என்று நல்லவர்கள் பலர் கெஞ்சினார்கள். கேட்கவில்லை. அக்டோபர் 13 அன்று உயிர் பிரிந்தது. புதிய மாநிலம் அமைய மூன்று வாரம்கூட இல்லை. அமைந்த பிறகும் பெயர் வரவில்லை. பதினோரு ஆண்டு கழித்து, 1967 ஜூலை 18 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில். அடுத்த மூன்று வாரத்துக்குள், பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்துவிட்டார்.

ஒரு நிமிடம். சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் வந்திருக்கிறார்கள். எத்தனையோ வேலைகளுக்கு நடுவே நூலகக் கூட்டத்துக்கு நேரம் ஒதுக்கிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வணக்கம். அவருடன் வந்திருக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம். தம்பி, அந்த மின்விசிறியை இந்தப் பக்கம் திருப்புங்கள். ஐயா, உங்களிடம் கேட்க ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன். அதுவரை கிளம்பிவிடாதீர்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். 2019இல் அன்றைய அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாள் என்று அறிவித்தது. 2021இல் அடுத்து வந்த அரசு அதை ஜூலை 18க்கு மாற்றியது. எது சரி என்று என்னைக் கேட்டால், நிலம் கிடைத்தது ஒரு நாள், பெயர் கிடைத்தது ஒரு நாள், இரண்டையும் கொண்டாடுங்கள், சண்டை எதற்கு என்பேன். மேடையில் இரண்டு கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருப்பதால் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறேன். என் கவலை வேறு. எந்தத் தேதியைச் சிவப்பில் அச்சடித்தாலும் சங்கரலிங்கனாரும் புதுக்கடையில் குண்டடிபட்டவரும் அந்தச் சிவப்புக்குள் மறைந்துபோகக் கூடாது.

இரண்டாவது செய்தி. பாரதி மறைந்தது செப்டம்பர் 11ஆ, 12ஆ? 1921 செப்டம்பர் 11 இரவு கழிந்து, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அளவில் உயிர் பிரிந்தது. கடிகாரத்தைக் கேட்டால் 12 என்னும். பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்று கணக்கு வைத்த நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் 11 என்பார்கள். நூற்றாண்டு வந்தபோது தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. எனக்கு இதில் மனக்குறை இல்லை. அந்த ஒன்றரை மணி என்ற விவரத்தைச் சொல்லிவைத்த ஆட்கள் இருந்ததால்தான் நாம் இன்று நின்று விவாதிக்கவாவது முடிகிறது.

தனுஷ்கோடிப் புயலும் அப்படித்தான். 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் இரவு பன்னிரண்டை ஒட்டித் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் கடலுக்குள் போய்விட்டது. நூறு பேருக்கு மேல் அந்த ரயிலில் இருந்தார்கள். அதனால்தான் சிலர் 22 என்று எழுதுவார்கள், சிலர் 23 என்று எழுதுவார்கள்.

அந்தப் புயலைச் சொன்னதும் என் அத்தை மகன் ஞாபகம் வந்துவிட்டது. மச்சானைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. செயலாளர் தம்பி கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

எங்கள் அத்தை ராமநாதபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகன் எப்போது பிறந்தான் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்: “புயலுக்கு முந்தின சனிக்கிழமை, கோழி கூப்பிடுற நேரம்.” புயல் செவ்வாய் என்றால் முந்தின சனி டிசம்பர் 19. கணக்கு அவ்வளவு சுத்தம். 1969 ஜூனில் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஐந்து வயது முடியாமல் சேர்க்க முடியாது. தலைமையாசிரியர் பையனைப் பார்த்தார். “டேய், வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடு.” மச்சானுக்குச் சின்ன வயதிலேயே கை நீளம். எட்டித் தொட்டுவிட்டான். “ஐந்து முடிஞ்சுது” என்று சொல்லி 1964 ஜூன் 1 என்று பதிவேட்டில் எழுதிவிட்டார். அத்தை விடுவாரா? “ஐயா, ஜூன்லயே பிறந்திருந்தா புயல் வந்தப்போ எம்புள்ள தவழ்ந்துகிட்டுல்ல இருந்திருப்பான்?” என்று கேட்டிருக்கிறார். வாத்தியார் சிரித்துக்கொண்டே, “தாயி, புயல் போயிருச்சு, பையன் படிக்கட்டும்” என்றாராம். நல்ல மனிதர். அவர் அன்றைக்கு அப்படி எழுதாவிட்டால் மச்சான் அடுத்த வருஷம் ஆடு மேய்க்கப் போயிருப்பான், படிப்பே இருந்திருக்காது. இங்கே பழமொழி தலைகீழாகிவிட்டது, நாள் செய்யாததை நல்லார் செய்தார்.

மச்சான் படித்தான், அரசு வேலைக்கும் போனான். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு வயது அறுபது. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் அதற்கு முந்திய மாதக் கடைசி நாளிலேயே போய்விட வேண்டும் என்பது விதி. ஆக, 2024 மே 31. அன்று மாலை அந்த அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் பிறந்தநாள் ஜூன் 1! ஐந்து ஊர், ஐந்து வாத்தியார், ஒரே தேதி. நாற்காலி பத்தாமல் பக்கத்து அறையிலிருந்து தூக்கி வந்தார்கள். பாராட்டிப் பேசிய மேலதிகாரி உணர்ச்சிவசப்பட்டு, “பஞ்ச பாண்டவர்களைப்போல் ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் விடைபெறுகிறார்கள்” என்று சொல்லிவிட்டார். பாண்டவர்கள் எப்போது ஒரே நாளில் பிறந்தார்கள் என்று நகுல சகாதேவர்களாவது எழுந்து கேட்டிருக்க வேண்டும்.

அத்தைக்கு அப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. மாலையோடு வீட்டுக்கு வந்த மகனைப் பார்த்து ஒரே கேள்வி: “ஏண்டா, புயல் அடிச்சது மார்கழியில. உன்ன எதுக்கு வைகாசியிலயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க?” உண்மைத் தேதிப்படி டிசம்பர் 31 வரை வேலை பார்த்திருக்கலாம். ஏழு மாதச் சம்பளம் போச்சு. பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமென்றால் வேலையில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்கும் ஆதாரம் வேண்டும். கிராமத்தில் கேட்டால் அந்த வருஷத்துப் பதிவேடு மழையில் நனைந்து அழிந்துவிட்டது என்றார்கள். நாடு முழுவதற்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969இல்தான். அத்தையின் ஞாபகம் அச்சு மாதிரி துல்லியம், ஆனால் எந்த அலுவலகமும் அத்தையை ஆவணமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

இதோ, சீட்டு வந்துவிட்டது. ‘ஐந்து நிமிடம்’ என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது செய்தியை விட்டுவிடுகிறேன். 1930 ஜனவரி 26 அன்று முழு விடுதலை நாள் கொண்டாடியதை நினைவில் வைத்துத்தான் 1950இல் அதே தேதியில் அரசியல் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார்கள். பிள்ளைகள் அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், மற்றதை ஆசிரியரிடம் கேளுங்கள்.

நான்காவதுதான் நான் வந்த வேலை. சட்டமன்ற உறுப்பினர் அவர்களும் நூலக அலுவலர் அவர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஆனந்தரங்கப் பிள்ளை என்ற ஒரு மனிதர் புதுச்சேரியில் 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் முகவராக இருந்தவர், பெரிய காரியங்களையும் எழுதினார், தெருவில் கேட்ட வம்பையும் எழுதினார். தமிழ்த் தேதியும் போட்டார், ஐரோப்பியத் தேதியும் போட்டார். பின்னாளில் சென்னை அரசாங்கமே அதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு தனி மனிதர் ராத்திரியில் உட்கார்ந்து எழுதியதால் இருபத்தைந்து ஆண்டுப் புதுச்சேரி நமக்குக் கிடைத்தது. நம் ஊருக்கு முதன்முதலில் மின்சாரம் வந்த தேதி என்ன? முதல் பேருந்து? ஏரி உடைந்தது எந்த வருஷம்? 2004 டிசம்பர் 26 அன்று கடற்கரைக்குப் போய்த் திரும்பாத நம்மூர்க்காரர்கள் யார் யார்? பெரியவர்கள் தலைக்குள் எல்லாம் இருக்கிறது, தாளில் எதுவும் இல்லை. எழுதாமல் விட்டால் நாள் செய்தது மட்டும் மிஞ்சும், நல்லார் யாரென்று தெரியாது.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ‘ஊர் நாள் ஏடு’ என்று ஒரு பெரிய கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு தேதி, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, பிப்ரவரி 29 உட்பட. அந்தத் தேதியில் ஊரில் எந்த ஆண்டு என்ன நடந்ததோ அதை எழுத வேண்டும். சொன்னவர் பெயர், அவருக்கு எப்படித் தெரியும், இரண்டும் கூடவே இருக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு தேதி சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை அடிக்காதீர்கள். பழைய அழைப்பிதழ், கல்வெட்டு, பள்ளி ஆண்டு மலர் எது கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாசகர் வட்டத்துக்கு இதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது? இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப நூலக அலுவலர் அவர்களால் முடியும். ஒரு நல்ல அலமாரிக்குச் சட்டமன்ற உறுப்பினர் அவர்களின் தொகுதி நிதியில் வழி இருக்கும். தலையை ஆட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஒரு நீளப் புத்தகம் வாங்கி, தேதிகள் போட்டு, நூலகரிடம் கொடுத்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எழுபது வயதைத் தாண்டியவர்களைப் பிள்ளைகள் இங்கே அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு நாங்களே வருகிறோம். கையெழுத்து நன்றாக இருப்பவர்கள் இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் நன்றியுரை முடிந்ததும் நூலகரைப் பாருங்கள். வணக்கம்.