எந்த பிரவுசர் பாதுகாப்பு? நான் பார்க்கும் இரண்டு விஷயங்கள்

வணக்கம் மக்களே. குரோமில் இத்தனை ஓட்டை, ஃபயர்ஃபாக்ஸில் இத்தனை ஓட்டை என்று எண்ணிக்கையை வைத்து பிரவுசர்களை ஒப்பிடுவது சரிப்பட்டு வராது. நிறையப் பேர் உட்கார்ந்து தேடினால் நிறையத்தான் கிடைக்கும். உள்ளே நுழைந்தவனால் எவ்வளவு தூரம் போக முடியும், ஓட்டையை அடைக்கும் அப்டேட் நம் கைக்கு எப்போது வருகிறது, இந்த இரண்டைத்தான் நான் பார்ப்பேன்.

முதல் விஷயம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் குறைபாடு வெளியே வந்தது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு தளங்கள் ஒரே பிராசஸில் (கம்ப்யூட்டர் தனி நினைவக இடம் கொடுத்து ஓட்டும் ஒரு வேலை) ஓடினால், ஒன்றில் இருக்கும் ஸ்கிரிப்ட் மற்றதன் தகவலை நினைவகத்திலிருந்து உருவிவிட முடியும். ஒரு பக்கத்துக்குள் விளம்பரமாக வந்து உட்காரும் வேறொரு தளத்துக்கும் இது பொருந்தும். அதனால் தளத்துக்குத் தளம் தனி பிராசஸ் வேண்டும். டெஸ்க்டாப் குரோம் அதே வருடம் இதைக் கொண்டுவந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸுக்கு 2021 ஆகிவிட்டது. எனக்கு ஃபயர்ஃபாக்ஸ் ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் அந்த இடைவெளி சாதாரணமானது இல்லை. அப்புறம் அதே 2021-இல், எழுத்துப்பிழை திருத்துவது, எழுத்துருவைத் திறப்பது போன்ற வேலைகளைச் செய்யும் சில நிரல்களையும், அவற்றில் நுழைந்தவன் மேலே போக முடியாதபடி ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் தனியாக அடைத்துவைத்தார்கள். அது அருமையான வேலை.

இப்போது இரண்டாவது விஷயம். 2023 செப்டம்பரில், வெப்பி (WebP) என்ற வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி நிரலில் ஓட்டை இருப்பது தெரிந்தது. வில்லங்கமான ஒரு படம் திரையில் வந்தாலே போதும், நீங்கள் எதையும் கிளிக் செய்ய வேண்டாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், பிரேவ் எல்லாவற்றிலும் அதே நிரல்தான். குரோமுக்கு 11-ஆம் தேதி அப்டேட் வந்தது, ஃபயர்ஃபாக்ஸுக்கு மறுநாள்.

எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாம் குரோமுக்கே அடிப்படையான குரோமியம் என்ற திறந்த நிரலின் மேல் கட்டியவை. குரோமியத்தில் செய்த திருத்தம் பொதுவெளியில் இருக்கும். அதைப் படித்தே ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே அந்தத் திருத்தத்தைத் தாமதமாக எடுக்கும் பிரவுசரில், அது வரும்வரை நீங்கள் திறந்த வீட்டில் இருக்கிறீர்கள். புதிதாக ஒரு குரோமியம் பிரவுசரை யாராவது சிபாரிசு செய்தால், முதலில் அதன் அப்டேட் தேதிகளைப் பாருங்கள். ஐபோனில் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களைத் தவிர, எந்த பிரவுசர் ஐகானைத் தொட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்தான்.

சரி, கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து வலது மேல் மூலையைப் பாருங்கள். அப்டேட் காத்திருந்தால் அங்கே நிறம் தெரியும். முதலில் பச்சை, நாலு நாள் வாக்கில் ஆரஞ்சு, ஒரு வாரம் ஆனால் சிவப்பு. மூடித் திறக்கும்வரை பழைய ஓட்டையோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். டேப் எல்லாம் போய்விடுமே என்று தள்ளிப்போடாதீர்கள், அதிலேயே ரீலாஞ்ச் கொடுத்தால் அத்தனையும் திரும்ப வந்துவிடும். இன்காக்னிடோ விண்டோ மட்டும் வராது, அதில் ஏதாவது பாதியில் இருந்தால் முதலில் முடித்துவிடுங்கள்.