அடிவளையத்தில் ஒட்டியிருந்த மண்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நூலகக் குழுவின் செயலாளர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியரும் இன்று எனக்கு நேரம் காட்டும் மணியைக் கையில் வைத்திருப்பவருமான பெரியவர் அவர்களே, கூடியிருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானிய ஷினோ தேநீர்க் கிண்ணத்தைப் பற்றி, அதன் மண், அதில் தீட்டப்படும் சித்திரம், அதைக் கையில் ஏந்தும் தேநீர்ச் சடங்கு என்னும் மூன்றையும் சொல்லுவதாக அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. தலைவர் தம் முன்னுரையில் 'பீங்கான்' என்றார். உரிமையோடு திருத்துகிறேன், இது மண்கலம். ஜப்பானின் கிஃபு மாநிலத்தில், பழைய பெயரில் மினோ என்னும் பகுதியில், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வனையப்பட்டது. இரும்புச் சத்துள்ள நிறமண்ணைத் தூரிகையில் தொட்டு, வேலியையோ புல்லையோ நாலைந்து கோடுகளில் இழுத்து, அதன்மேல் ஃபெல்ட்ஸ்பார் கல்லைப் பொடித்துக் கரைத்த வெண்பூச்சைத் தடிப்பாகப் பூசிச் சூளையில் வைப்பார்கள். பல நாள் எரிந்து இறங்கும்போது வெண்மைக்குள்ளிருந்து கோடுகள் பழுப்பாகவும் செம்மையாகவும் மேலே கசிந்து வரும். பூச்சின் மேற்பரப்பில் எலுமிச்சைத் தோலில் இருப்பவை போன்ற நுண்துளைகள் விழும். சூளை தந்த அந்தக் குறையைத்தான் அவர்கள் அழகென்று கொண்டாடினார்கள்.

டோக்கியோவின் மித்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் 'உனோஹானாகாகி' என்றொரு ஷினோ கிண்ணம் இருக்கிறது. உனோஹானா என்பது வெள்ளைப் பூப்பூக்கும் புதர். அந்தப் பூவேலி நடுவே மலைப்பாதையில் நடப்பது பனியை மிதித்து நடப்பது போலிருக்கிறது என்ற பழைய கவிதையிலிருந்து வந்த பெயர் அது. வாய் வட்டமாக இல்லை, கோணிக்கொண்டு நிற்கும். அதைத்தான் 1959இல் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தார்கள். ஜப்பானிலேயே வனையப்பட்ட கிண்ணங்களில் அந்தத் தகுதி பெற்றவை இரண்டே இரண்டு.

'குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை' என்று நான் எந்த மேடையிலும் சொல்லுவதை நீங்கள் அறிவீர்கள். இன்று அந்தப் பழமொழிக்கு ஒரு கதை கிடைத்திருக்கிறது.

ஷினோ கலங்கள் பக்கத்து ஊரான செதோவில் செய்யப்பட்டவை என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1930 ஏப்ரலில் அரகாவா தொயோசோ என்னும் குயவர், தாம் வேலை பார்த்த சூளையின் தலைவர் ரோசான்ஜினோடு கண்காட்சிக்காக நகோயாவுக்குப் போயிருந்தார். அங்கே மூங்கில் குருத்து தீட்டிய ஷினோ கிண்ணம் ஒன்றைக் காட்டினார்கள். நாமாயிருந்தால் சித்திரத்தைப் பார்த்து 'ஆகா' என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்திருப்போம். அவர் கிண்ணத்தைக் கவிழ்த்தார். அடிவளையத்தின் உள்ளே, சூளையில் ஒட்டிக்கொண்ட சிவந்த மண்துணுக்கு ஒன்று இருந்தது. செதோவின் மண் வெளுப்பாயிற்றே, இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? இரவெல்லாம் அந்தக் கேள்விதான். ஓரிரு நாளில் தம் சொந்தச் சீமையான மினோவுக்கு ரயிலேறி, ஓகாயா மலைப்பக்கத்தில் முதாபோரா என்னும் இடத்திலிருந்த பாழ்சூளையைக் கிளறினார். கையில் வந்த ஓட்டில் ஷினோவின் வெண்பூச்சு; துடைத்துப் பார்த்தால் அதே மூங்கில் குருத்து! முந்நூறு ஆண்டு நம்பிக்கை ஓர் ஓட்டுச்சில்லில் உடைந்தது. பிறகு அவர் அங்கேயே சூளை கட்டி, மறைந்துபோன ஷினோவை மீண்டும் சுட்டெடுத்தார். 1955இல் அரசு அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆக்கியது. உனோஹானாகாகியும் அந்த முதாபோரா சூளையில் பிறந்ததே என்று கருதுகிறார்கள்.

இங்கே தடிகாரனும் குயவனே என்பதைக் கவனியுங்கள். கோணியது, வெடித்தது, ஒன்றோடொன்று ஒட்டியது என்று கழித்து, சூளைவாயிலேயே கொட்டிவிட்டுப் போனான். அரை நாழிகையில் கொட்டியது முந்நூறு ஆண்டு சாட்சியாகக் கிடந்தது.

நம் ஏரியைத் தூர்வாரியபோது பழம்பானைகளின் கறுப்பு-சிவப்பு ஓடுகள் கூடை கூடையாக வந்தன. மூன்று நாள் நான் கரையிலேயே நின்று, 'ஓரமாகக் குவித்து வையுங்கள்' என்று கேட்டேன். நான்காம் நாள் காலையில் போனால், அத்தனையும் சாலைப் பள்ளத்துக்குள் போயிருந்தன. எழுதிய மனுவுக்கு இன்றுவரை பதிலில்லை. என் பையில் போட்டுக்கொண்டு வந்த பதினேழு ஓடுகள்தாம் மிச்சம். இந்த நூலகத்தின் மாடியில் பழைய நாற்காலிகள் அடைந்து கிடக்கும் அறையை ஓட்டுச்சில்லு அறையாக ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன். கண்ணாடிப் பெட்டி வேண்டாம். பிள்ளைகள் ஓட்டைக் கையில் எடுத்து, திருப்பி, விளிம்பைத் தடவிப் பார்க்கட்டும். பேரூராட்சித் தலைவர் தலையசைப்பதை அவை குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தேநீர்ச் சடங்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் மணியை அடித்துவிட்டார். ஓட்டுச்சில்லு அறை கேட்கும் கையெழுத்து நோட்டு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. அதன் அருகிலேயே அந்தப் பதினேழு ஓடுகளையும் பரப்பியிருக்கிறேன்; கவிழ்த்து வைத்திருக்கிறேன்.