வீட்டுத் தலைவர் எப்போது வருவார்? தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் ஒரு சாயங்காலம்

மக்களே, வணக்கம். ஸ்தோத்திரம் சொல்கிறவர்களுக்கு ஸ்தோத்திரம். காற்று இரைச்சல் அதிகமாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்குக்கு மாட்டுகிற பஞ்சு உறையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அது மட்டுமில்லை, கேமராவுக்கான இன்னொரு பேட்டரியும் வீட்டில் சார்ஜரிலேயே செருகிக் கிடக்கிறது. கையில் இருப்பது ஒன்றே ஒன்று, அதிலும் பாதிதான் மிச்சம். அதனால் வேகமாகப் பேசிவிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கிற பாறைக் கற்களில் ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் தெரிகிற கரை அப்படியே மேற்கே இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை என்று நீரோடி வரைக்கும் போகும். ஏன் இங்கே வந்தேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

போன வாரம் என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். இயேசுவின் இரண்டாம் வருகைக்கு ஒருவர் தேதியே போட்டுச் சொல்கிறார். பின்னணியில் எக்காளச் சத்தம், தீப்பிடித்த பூமி உருண்டை, எல்லாம் உண்டு. வீடியோவுக்குக் கீழே பையன் ஒரு வரி எழுதியிருந்தான்: 'அண்ணே, அப்படின்னா நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டணுமா, வேண்டாமா?' பாதி கிண்டல். பாதி பயம் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பயத்தில் வளர்ந்தவன் நான்.

எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். ஓடுகிற பிள்ளைகளைக்கூடப் பிடித்து உட்கார வைக்கிற மாதிரி கன்வென்ஷன் நடக்கும். வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் இரகசிய வருகையைப் பற்றிப் பேசினார், அதாவது இயேசு யாருக்கும் தெரியாமல் வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று. படுக்கையில் இருவர் இருப்பார்கள், ஒருவன் எடுத்துக்கொள்ளப்படுவான், மற்றவன் கைவிடப்படுவான். மறுநாள் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால் யாரும் இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. அடுப்பில் மரச்சீனிக்கிழங்கு கொதித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் செருப்பு வாசலில். எனக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி இருந்தார்கள், ஆனால் அவர்கள் இந்து, அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது என்று தோன்றியது. நேராக எங்கள் சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். அப்பாடா, அவரே இங்கே இருக்கிறார் என்றால் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வரும்போது பாதி வழியில்தான் அடுத்த சந்தேகம் வந்தது: ஒருவேளை அவரும் கைவிடப்பட்டவராக இருந்தால்?

அம்மா கொல்லையில் பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெறுங்காலோடு.

இப்போது சிரிக்கலாம். ஆனால் ரொம்ப நாளைக்கு எனக்கு இரண்டாம் வருகை என்றால் அந்தக் காலி வீடுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கிறிஸ்து திரும்பி வருவார் என்பது ஏதோ ஒரு சபையின் தனிச் சரக்கு இல்லை. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எல்லோருக்கும் பொது. உயிரோடிருக்கிறவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்க்க வருவார் என்று விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் சொல்கிறோம், பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. எப்படி வருவார் என்பதில்தான் வேறுபாடு. முதலில் சபையை இரகசியமாக எடுத்துக்கொள்வார், பிறகு ஏழு வருட உபத்திரவம், பிறகு பகிரங்க வருகை, ஆயிர வருஷ அரசாட்சி என்று வரிசை போடுகிற போதனை இன்றைக்கு நம் ஊரில் ரொம்பப் பிரபலம். அந்த வரிசை இந்த வடிவத்தில் பரவியது 19ஆம் நூற்றாண்டில், ஜான் நெல்சன் டார்பி என்கிற போதகர் வழியாக. 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. கத்தோலிக்க சபையும் பழைய சீர்திருத்தச் சபைகளும் வருகையை இரண்டாகப் பிரிப்பதில்லை. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், பிரிக்காத பக்கம். அதற்காகப் பிரிக்கிறவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன், என் மாமியார் வீடே அந்தப் பக்கம்தான்.

சண்டை எனக்குத் தேதியோடு மட்டும். 'அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்', மத்தேயு 24:36. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? ஆனாலும் கணக்குப் போடுகிறவர்கள் ஓய்வதில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்கிற விவசாயி தானியேல் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டார். அவருடைய கூட்டம் கடைசியாக 1844 அக்டோபர் 22 என்று உறுதி செய்தது. சிலர் விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். விடிந்தது, 23ஆம் தேதி வந்தது. அதற்கு 'மகா ஏமாற்றம்' என்றே வரலாற்றில் பெயர். நம் காலத்திலேயே ஹெரால்டு கேம்பிங் என்கிற வானொலிப் பிரசங்கியார் 2011 மே 21 என்றார். நடக்கவில்லை. உடனே அக்டோபர் 21 என்று மாற்றினார். அதற்கு முன்னால் 1994இலும் ஒரு தடவை சொன்னவர்தான் அவர். ஆதார் அட்டை, பார்கோடு, தடுப்பூசி, எல்லாவற்றிலும் வெளிப்படுத்தல் புத்தகத்தில் மிருகத்தின் எண்ணாக வருகிற 666ஐத் தேடுகிறவர்களைப் பற்றிப் பேச எனக்குப் பேட்டரி இல்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தெசலோனிக்கே ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதங்கள், தெசலோனிக்கேயர் நிருபங்கள். முதலாம் நிருபம் கி.பி. 50ஐ ஒட்டி எழுதியது, புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. அந்தச் சபைக்காரர்களின் கவலை தேதி இல்லை. இயேசு சீக்கிரம் வருவார் என்று நம்பினோம், அதற்குள் எங்கள் வீட்டில் ஆள் செத்துப்போனாரே, அவர் கதி என்ன என்பதுதான். அதற்குத்தான் பவுல், நித்திரையடைந்தவர்களைக் குறித்துத் துக்கித்துக் கிடக்காதீர்கள், கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள் என்று எழுதினார். நம்மூர்க் கல்லறைகளில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று வெட்டியிருக்கிறோமே, அது இந்த வார்த்தைதான். செமிட்டரி என்கிற சொல்லே 'தூங்கும் இடம்' என்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. என் சின்ன வயதில் என்னைப் பயமுறுத்திய அதே பகுதி, அழுதுகொண்டிருந்தவர்களுக்கு ஆறுதலாக எழுதப்பட்டது என்று எனக்குத் தெரிய வர இருபது வருடம் ஆனது.

இரண்டாம் நிருபத்தில் வேறு பிரச்சினை. சிலர் வருகை நெருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வேலை வெட்டி இல்லாமல் அடுத்தவன் வீட்டில் சாப்பிட்டுத் திரிந்திருக்கிறார்கள் போல. வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் ஒரே போடாகப் போடுகிறார். அமைதலோடே வேலைசெய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்கிறார். தம்பி, உன் கோச்சிங் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

இனி இந்தக் கரைக்கு வருகிறேன்.

2017 நவம்பர் 29 ராத்திரி. மழை என்றுதான் படுத்தோம். 30ஆம் தேதி காலையில் எழுந்தால் ஒக்கி புயல். ரப்பர் மரம் தோட்டம் தோட்டமாக முறிந்து கிடக்கிறது, வாழை ஒன்றும் மிச்சமில்லை, மின்கம்பங்கள் ரோட்டில். மாவட்டத்தின் பெரும்பகுதி நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. மெழுகுவர்த்தி கடைகளில் முதல் நாளே தீர்ந்துவிட்டது. ஆனால் எங்களைப் போல உள்ளே இருந்தவர்களுக்கு அது மரமும் கரண்டும்தான். இந்தக் கரையில் அது ஆள் கணக்கு. தூத்தூர்ப் பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். பல பேர் கொச்சியிலிருந்து படகு எடுப்பார்கள், போனால் வாரக்கணக்கில் வர மாட்டார்கள். புயல் உருவாவதற்கு முன்பே போனவர்களுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

அந்த வருடம் டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற திருவருகைக் காலத்தின், அதாவது அட்வெந்தின், முதல் ஞாயிறு. புயல் போய் மூன்றே நாள். கத்தோலிக்கக் கோயில்களில் அன்றைக்கு வாசிக்க வேண்டிய நற்செய்தி எது என்பது உலகம் முழுக்க முன்கூட்டியே குறிக்கப்பட்டது, யாரும் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில்லை. மாற்கு 13, 33 முதல் 37 வரை. வீட்டுத் தலைவர் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ எப்போது வருவார் என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே விழிப்பாயிருங்கள்.

வீட்டுத் தலைவர்கள் கடலில் இருக்கிற ஊர்களுக்குக் குறித்திருந்த வாசகம் அது. நான் இதைக் கவனித்தது ரொம்பப் பிந்தி. இப்போது ஒவ்வொரு வருடமும் அட்வெந்து வரும்போது அந்த வசனம் தொண்டையில் நிற்கிறது.

அந்த வாரம் எங்கள் சபை வாலிபர் கூட்டத்திலிருந்து பிரெட்டும் மெழுகுவர்த்தியும் கொண்டு இங்கே ஓர் ஊருக்கு வந்தோம். என் கல்லூரி நண்பன் வீடு அங்கேதான், அவன் அப்பா கடலில். கோயில் வராந்தாவில் ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து, பலகையில் ஐந்தாறு எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதில் போன், போன், போன். எல்லாம் பட்டன் போன்கள்தான் அதிகம். ஒவ்வொன்றிலும் மருந்துக்கட்டுப் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. பெண்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள். நண்பனின் அம்மா ஒரு தடவைகூட அலைபேசியைத் தூக்கி யார் அழைத்தது என்று பார்க்கவில்லை. சார்ஜ் எத்தனை கோடு ஏறியிருக்கிறது என்று மட்டும் பார்த்தார்கள். பிறகு எழுந்து, பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றப் போனார்கள். இதெல்லாம் முடிந்து டிசம்பர் 7ஆம் தேதி, தேடப் போகச் சொல்லுங்கள் என்று ஆயிரக்கணக்கில் நடந்து போய்க் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்திலும் அவர்கள் இருந்தார்கள். 'காத்திருக்கியதுன்னா சும்மா இருக்கியது இல்ல மக்களே' என்று என்னிடம் சொன்னார்கள்.

நண்பனின் அப்பா பதினோராம் நாள் வந்தார், லட்சத்தீவுப் பக்கம் கரையேறி. அடுத்த வீட்டுக்காரர் வரவில்லை. அந்த வீட்டு அம்மா இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறார்கள். அவர்களிடம் போய் இது கடைசிகால அடையாளம் என்று பேசிய ஒரு பிரசங்கியாரையும் பார்த்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கும் இதையே பேசினார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்ட கேள்வியை அவர்கள் வாசிப்பதில்லை போலும். மத்தேயு 24லேயே யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி எல்லாம் சொல்கிற இடத்தில், கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்றுதான் இருக்கிறது.

அடுத்த அதிகாரம், மத்தேயு 25இல் வருகிற பத்துக் கன்னிகைகள் கதையை அந்த வராந்தாவுக்குப் பிறகு நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்துப் பேரில் புத்தியுள்ள ஐந்து பேர் கூடவே எண்ணெயும் எடுத்துப் போனார்கள், மற்ற ஐந்து பேர் எடுக்கவில்லை. மணவாளன் வரத் தாமதமானதும் தூங்கியது ஐந்து பேர் இல்லை, பத்துப் பேரும்தான். புத்தியுள்ளவர்களும் தூங்கினார்கள், அதற்குத் திட்டு இல்லை. வித்தியாசம் எண்ணெயில்தான். அதை ஏன் பங்கு போட்டுக் கொடுக்கவில்லை, என்ன கிறிஸ்தவம் இது என்று சண்டே ஸ்கூலில் நான் கேட்டிருக்கிறேன். இதோ, அங்கே ஒரு தம்பி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறான் பாருங்கள். வந்த உடனே அவனிடம் பேட்டரி கேட்டேன். நல்ல பையன், உடனே கழற்றிக் கொடுத்தான். என் கேமராவில் அது உட்காரவே இல்லை.

அந்த அதிகாரத்தின் கடைசியில், ராஜா ஜனங்களைச் செம்மறியாடு, வெள்ளாடு என்று இரண்டு பக்கமாகப் பிரித்து நிறுத்துகிறார். பசியாயிருந்தேன், வியாதியாயிருந்தேன் என்று ராஜா சொல்லும்போது இரண்டு பக்கமும் 'எப்பொழுது உம்மைக் கண்டோம்?' என்றுதான் கேட்கிறார்கள். நல்லது செய்தவர்களுக்கும் தெரியவில்லை. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சோமர்வெல் என்கிற அறுவை மருத்துவர், அது முடிந்து ஊர் சுற்றுகிற வழியில் நம்ம நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளிகள் நிற்கிற நிலையைப் பார்த்தார். இங்கிலாந்தில் கிடைக்க இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து வருடக்கணக்கில் கத்தி பிடித்தார். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற ஆள் இல்லை. இயேசு பரமேறியதும் அப்படி நின்ற சீஷர்களிடம்தானே, ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று அப்போஸ்தலர் முதல் அதிகாரத்திலேயே வெண்ணாடை உடுத்த இரண்டு பேர் கேட்கிறார்கள்.

சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது, மக்களே. தம்பி, கோச்சிங் பணத்தைக் கட்டு. பாதி நான் தருகிறேன் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன், இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டதால் இனி நழுவவும் முடியாது. ராத்திரி அந்த எக்காள வீடியோவைப் பார்க்காமல் படு. முகத்துவாரத்தில் ஒரு படகு திரும்புகிறது, தெரிகிறதா? அது உள்ளே வருகிறதை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.