மழை நின்ற பிறகும் ஓடுகிற தண்ணீர்

வணக்கம் நேயர்களே. ஓடையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு உடனே தோன்றியது ஒரு கேள்வி. மழை விட்டுப் பத்து நாள் ஆச்சு, வானத்தில் பொட்டு மேகம் இல்லை, ஆனாலும் ஓடையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?

மேலே எங்கேயாவது ஊற்று இருக்கும் என்பார்கள். அது பாதி பதில்தான். ஓடையைச் சுற்றியிருக்கிற மேடுகளின் உச்சியை மனதுக்குள் ஒரு கோடாக இழுத்துப் பாருங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை இந்த ஓடைக்கு, ஓரடி தள்ளி அந்தப் பக்கம் விழுந்தால் பக்கத்து ஓடைக்கு. கோட்டுக்குள் இருக்கிற மொத்த நிலமும்தான் நீர்ப்பிடிப்புப் பகுதி. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 10 லட்சம் லிட்டர். 5 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 10 கோடி லிட்டர்!

அவ்வளவும் ஓடைக்கு வந்து சேராது, அது வேறு விஷயம். ஆனால் ஒரு காலத்தில் மழையால் ஆறு ஓடுகிறது என்பதையே பலர் ஏற்கவில்லை. கடல் தண்ணீர்தான் பூமிக்கடியில் ஏறி வந்து ஊற்றாகிறது, ஆறு ஓடுகிற அளவுக்கு மழை போதாது என்றே ஐரோப்பாவில் நெடுநாள் பலர் நம்பினார்கள். பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் சும்மா இருக்காமல், செய்ன் ஆறு தொடங்குகிற பகுதியில் பெய்கிற மழையையும் ஆற்றில் போகிற தண்ணீரையும் கணக்குப் போட்டு 1674இல் வெளியிட்டார். ஓடுவதைப் போல ஆறு மடங்கு மழை பெய்கிறது என்று வந்தது. மிச்சத்தை மண்ணும் செடிகொடியும் வெயிலும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

உங்கள் ஓடையையும் நீங்களே அளக்கலாம். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, மூடி, வளைவில்லாத இடமாகப் பார்த்து நடு ஓட்டத்தில் விடுங்கள். 10 மீட்டரை 25 நொடியில் கடந்தால் நொடிக்கு 0.4 மீட்டர். அடியில் கல்லும் மண்ணும் இழுத்துப் பிடிப்பதால் மேல்மட்டத்தை விட உள்ளே வேகம் குறைவு, அதனால் 0.85ஆல் பெருக்க வேண்டும், 0.34 வரும். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 20 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு 136 லிட்டர். அந்த 10 கோடி லிட்டர் முழுசாகவே வந்தாலும் இந்த வேகத்தில் எட்டரை நாளில் தீர்ந்துவிடும். அப்புறமும் ஓடுகிறதே?

அங்கேதான் மண் வருகிறது. முந்தைய மழைகளில் உள்ளே இறங்கிய தண்ணீர் மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் மெல்ல நகர்ந்து கரையோரமாகவும் படுகையின் அடியிலும் கசிந்து வருகிறது. எனக்கு இதில் நம்பவே முடியாமல் இருந்தது வெள்ளத்தைப் பற்றிய சேதி. புதுமழைத் தண்ணீருக்கும் மண்ணில் கிடந்த பழைய தண்ணீருக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்பு, அதாவது எடையில் மட்டும் வேறுபடுகிற ஆக்சிஜன் அணு வகைகளின் அளவு, கொஞ்சம் மாறும், அதை வைத்துப் பிரித்துப் பார்த்தால், மழை வளமுள்ள காட்டு ஓடைகளில் வெள்ளம் வரும்போதுகூடப் பாதிக்கு மேல் பழைய தண்ணீராகவே இருப்பது வழக்கம். புது மழை உள்ளே நுழைந்து பழசைத் தள்ளிவிடுகிறது. பாறையும் சிமென்ட் தரையுமாக இருக்கிற இடத்தில் இந்தக் கதை செல்லாது, அங்கே பெய்த மழை அப்படியே ஓடி வந்து சட்டென்று ஏறி சட்டென்று வடிந்துவிடும்.

எல்லா ஓடையும் நிலத்திடம் வாங்கிக்கொண்டே இருப்பதில்லை. நிலத்தடி நீர்மட்டம் படுகைக்குக் கீழே போய்விட்டால் ஓடைதான் கொடுக்க வேண்டியிருக்கும். மேலே நன்றாக ஓடிவந்த தண்ணீர் ஓரிடத்தில் மணலுக்குள் காணாமல் போய், கொஞ்ச தூரம் தள்ளித் திரும்பத் தலைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ மறித்துவிட்டார்கள் என்று அதற்கு ஒரு சண்டை வேறு நடக்கும்.

சரி, மழையில்லாத நாளில் கரையோரம் ஒரு குச்சியை நட்டுக் காலையில் தண்ணீர் மட்டத்தில் கோடு போடுங்கள். கரையில் மரம் நிறைய இருந்தால் பிற்பகலில் மட்டம் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும், அந்த இறக்கம் சில ஓடைகளில் விரற்கடை அளவுகூட இருக்காது. மேலே யாரும் தண்ணீரைத் திருப்பவில்லை. பகலில் மரங்கள் வேரால் உறிஞ்சுகின்றன, இரவில் உறிஞ்சுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் திரும்பக் கோட்டுக்குக் கிட்டத்தில் வந்திருக்கும்.