கொலுசுப் பட்டறைப் பையன் கேட்ட கேள்வி

வணக்கம். சேலத்தில் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். அருங்காட்சியகத்தை வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நேரே சொல்லிவிடுகிறேனே, நம் வழிகாட்டிகளில் பாதிப் பேர் ரொம்பப் பேசுகிறார்கள். (வகுப்பில் நானும் அப்படித்தான். என் பழைய மாணவர்கள் யாராவது இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.)

ஒரு ஊரில், பேர் வேண்டாம், விளக்கம் சொல்ல வந்தவர் ரயில்வே அறிவிப்பு மாதிரி நூற்றாண்டு, உயரம், எடை என்று ஒப்பித்துக்கொண்டே நடந்தார். பிள்ளைகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முக்கால் மணி நேரத்தில் நான்கு கூடம், மிச்சம் கால்வலிதான். அந்த வலிக்குப் பேரே உண்டு, 'அருங்காட்சியகக் களைப்பு'. போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் 1916லேயே அதைப் பற்றி எழுதினார். தாழ்வாக வைத்த பொருளைப் பார்க்க மனுஷன் எப்படியெல்லாம் வளைகிறான் என்று போட்டோ எடுத்தே காட்டினார்.

அப்புறம் சென்னை எழும்பூர் போனோம். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம், திருவாலங்காட்டு நடராசர் இருக்கும் இடம். அன்று எங்களுக்கு விளக்கம் சொன்ன அம்மா, வெண்கலச் சிலைக் கூடத்தில் ஒரு அம்மன் சிலை முன்னால் எங்களை நிறுத்திவிட்டு ஒன்றுமே பேசவில்லை. "என்ன தெரியுது?" என்றார். யார் என்ன சொன்னாலும், "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" என்று இன்னொரு கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன், செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை, குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: "இந்தக் கொலுசு தனியாச் செஞ்சு மாட்டினதா, சிலையோட சேர்ந்தே வந்ததா?" அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதலில் எல்லாவற்றையும் மெழுகில் செய்து, மேலே களிமண் பூசி, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. ஆறியபின் களிமண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலை என்று சொல்லி முடிப்பதற்குள், பட்டறையில் வெள்ளியை எப்படி உருக்குவார்கள் என்று அவன் ஆரம்பித்துவிட்டான். அரை மணி நேரம், ஒரே சிலை. யாருக்கும் கால் வலிக்கவில்லை.

இதற்கு எழும்பூர்தான் போக வேண்டும் என்றில்லை. நம் தாரமங்கலம் கைலாசநாதர் கோவில் போதும். ராமர் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி பக்கமிருந்து ராமர் தெரியமாட்டார். அதை வாயால் சொல்லிக் கெடுக்காதீர்கள். பிள்ளையை முதலில் வாலி பக்கம் நிறுத்தி, "ராமர் எங்கே, தேடு" என்று விட்டுவிடுங்கள்.

எழும்பூர்தான் என்றால் ஒன்று, வெள்ளிக்கிழமை விடுமுறை. முதல் தடவை இருபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ராத்திரி ரயிலேறி, வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்.