பேரலைக் குளிர வைத்தால் குறி கூடுமா?

நேயர்களுக்கு வணக்கம். ரைஃபிள் பேரலை, அதாவது குண்டு பாயும் குழலை, மைனஸ் 190 டிகிரி வரை குளிர வைத்து எடுத்தால் குறி தப்பாது என்று துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்களிடம் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் தகடு வெட்டும் பன்ச், டை செய்கிறவர்களுக்கு ‘கிரையோ’ என்னும் இந்தக் கடுங்குளிர் முறை அறிமுகமானதுதான். பன்ச்சுக்குக் கிடைக்கும் பலன் பேரலுக்கும் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

பன்ச், டை செய்ய எடுக்கும், பட்டறையில் ஹெச்சிஹெச்சிஆர் என்று சொல்லும் டி2 எஃகில் கார்பன் ஏறக்குறைய 1.5 சதவீதம். சூடாக்கிக் கடினமாக்கும் ஹார்டனிங் செய்து ஆறிய பிறகும் அதில் ஒரு பகுதி ஆஸ்டெனைட் என்னும் மிருதுவான உள்ளமைப்பாகவே தங்கிவிடும். மேலும் குளிர வைத்தால்தான் அது கடினமான மார்ட்டென்சைட்டாக மாறும். திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196. அதன் ஆவியை விட்டு நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி வீதம் இறக்கி, ஒரு நாள் முழுக்க அங்கேயே வைத்து, அதே நிதானத்தில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டுத் திரவத்தில் நேரே முக்கினால் வெளித்தோல் முந்திக்கொண்டு சுருங்கும். கூர்முனைகளில் விரிசல் விழும். எடுத்தபின் டெம்பர் செய்யாமல், அதாவது திரும்பச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்காமல் விட்டால், புதிதாக உண்டான மார்ட்டென்சைட் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

பேரல் எஃகு வேறு ஜாதி. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4140 குரோம்-மாலியில் கார்பன் 0.4 சதவீதம், 416 ஸ்டெயின்லெஸில் 0.15-க்குள். 4140-ஐ 550 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்து, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 28 முதல் 32-க்குள் கொண்டுவந்திருப்பார்கள். அதில் மிஞ்சிய ஆஸ்டெனைட் மிகச் சொற்பம். குளிர் வந்து மாற்றுவதற்கு அங்கே சரக்கே இல்லை.

‘உள்ளழுத்தம் போகும்’ என்பது அடுத்த வாதம். பட்டன் என்னும் கடின அச்சைத் துளை வழியே இழுத்து, ரைஃபிளிங் என்னும் சுருள் வரிகளைப் போட்ட பேரலில் உள்ளழுத்தம் இருப்பது மெய். அதை எடுக்காமல் வெளிப்புறத்தைக் கடைந்தால் உள்துளை ஓரிடத்தில் அகன்றுவிடும். ஆனால் அதை எடுப்பது சூடு. கடைவதற்கு முன்பே, டெம்பர் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். குளிரில் அணுக்கள் நகர மாட்டா. பிறகு அழுத்தம் எப்படித் தளரும்?

குறி கூடியது என்பவர்கள் பெரும்பாலும் மூன்று குண்டுத் துளைகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். அது போதாது. ஒரே பேரல், ஒரே லாட் தோட்டா, குளிர்ச்சிக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து குண்டுகளாகக் குறைந்தது பத்துத் தொகுதி சுட வேண்டும். கிரையோ செய்யாத இன்னொரு பேரலையும் அந்தந்த நாளிலேயே சுட வேண்டும். இல்லையென்றால் காற்றும் வெயிலும் செய்ததைக் குளிர் செய்ததாக எழுதிவிடுவோம். பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவர் பேரல் வாயின் விளிம்பான கிரவுனில் வடு இருக்கிறதா, தோட்டா உட்காரும் சேம்பர் குழல் துளையோடு மையம் ஒத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெடிமருந்தே கிடையாது, பேரல் சூடாவதும் இல்லை. அதற்குக் கிரையோ வீண் செலவு.

பட்டறைக்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பேரலில் கைவைக்காதீர்கள். மற்றது நைட்ரஜன். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். அந்த வாயுவுக்கு மணமில்லை, எரிச்சலும் இல்லை. ஷட்டரை இறக்கிய சின்ன அறையில் ஆளை அப்படியே சாய்த்துவிடும். ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எல்லாரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். விழுந்தவரைத் தூக்க மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே ஓடாதீர்கள். சாதா இரும்பு டிரம்மும் பிளாஸ்டிக் வாளியும் அந்தக் குளிரில் நொறுங்கும். அதற்கென்று செய்த பாத்திரத்தில் மட்டும், மூடியை இறுக்காமல் வையுங்கள்.