வட்டு உருவாகாத இரட்டை விண்மீன்: ஏ.எம். ஹெர்குலிஸ்

[திரையில்: ஹெர்குலிஸ் விண்மீன் குழாம். மங்கலான ஒரு புள்ளி மட்டும் வட்டமிட்டுக் காட்டப்படுகிறது.]

1923ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பணியாற்றிய மாக்ஸ் வோல்ஃப், ஹெர்குலிஸ் குழாமில் ஒளி கூடியும் குறைந்தும் வரும் மங்கலான விண்மீனொன்றைக் கண்டறிந்தார். ஏ.எம். ஹெர்குலிஸ் என்று பெயர் பெற்ற அது, மாறொளி விண்மீன்களின் நீண்ட பட்டியலில் அரை நூற்றாண்டுக் காலம் தனிக் கவனம் பெறாமலே கிடந்தது. உகூரு செயற்கைக்கோள் பதிவு செய்திருந்த எக்ஸ் கதிர் மூலங்களுள் ஒன்று இதுவாகவே இருக்கவேண்டும் என்பது 1976இல் தெரியவந்தது. அதே ஆண்டில் வானியலாளர் சான்டியாகோ டாபியா இதன் ஒளியை அளந்தபோது, அதில் பத்து சதவீதத்தை நெருங்கும் வட்ட முனைவாக்கம் (ஒளியலையின் அதிர்வுத் திசை ஒழுங்காகச் சுழல்வது; ஆங்கிலத்தில் ‘போலரைசேஷன்’) இருப்பதைக் கண்டார். சாதாரண விண்மீன்களின் ஒளியில் இந்தப் பண்பு அநேகமாக இருப்பதே இல்லை. எலக்ட்ரான்கள் மிக வலிமையான காந்தப்புலத்தில் சிக்கிச் சுழலும் இடத்திலிருந்துதான் இப்படிப்பட்ட ஒளி புறப்பட முடியும்.

அந்த இடம் எது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த அமைப்பின் அளவை மனத்தில் கொள்ளவேண்டும்.

[திரையில்: இரு விண்மீன்களும் சரியான விகிதத்தில், பக்கத்தில் பூமியும் நிலவும்.]

ஏறக்குறைய 285 ஒளியாண்டுத் தொலைவில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறுமீன் ஒன்றும், சூரியனைவிடச் சிறிய செங்குறுமீன் ஒன்றும், 3 மணி 6 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், பூமிக்கும் நிலவுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்குதான். வெண்குறுமீன் உருவத்தில் பூமியை ஒத்தது. ஆனால் அதன் நிறை சூரியனுடையதில் பெரும்பகுதிக்குச் சமம். இவ்வளவு நெருக்கத்தில் அதன் ஈர்ப்பு செங்குறுமீனை நீர்த்துளி போல இழுத்து நீட்டிவிடுகிறது. இரு விண்மீன்களின் ஈர்ப்பும், சுற்றுவதால் எழும் மையவிலக்கு விளைவும் ஒன்றையொன்று சமன் செய்யும் லாக்ராஞ்சு புள்ளி, அந்தத் துளியின் கூர்முனையில் இருக்கிறது. செங்குறுமீனின் வாயு அந்த வாயில் வழியாகத்தான் மறுபக்கம் வழிகிறது.

வழிந்த வாயு நேராக வெண்குறுமீனின் மேல் விழுந்துவிடுவதில்லை. சுற்றுப்பாதையின் கோண உந்தத்தை, அதாவது சுற்றும் இயக்கத்தின் அளவை, சுமந்து வருவதால் அது பக்கவாட்டில் விலகிச் செல்கிறது. காந்தப்புலம் வலுவற்ற இரட்டைகளில் இந்த வாயு வெண்குறுமீனைச் சுற்றி வளைந்து, தன் மேலேயே மோதி, தட்டையான திரள்வட்டாகப் பரவுகிறது. பிறகு உராய்வினால் கோண உந்தத்தைச் சிறிது சிறிதாக வெளிப்புறத்துக்குக் கடத்திவிட்டு, உள்நோக்கி இறங்குகிறது. ஏ.எம். ஹெர்குலிஸில் அந்த வட்டு உருவாகவே இல்லை. என் பார்வையில் இந்த விண்மீனைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டிய முதன்மையான செய்தி இதுதான்.

காரணம், வெண்குறுமீனின் மேற்பரப்பில் ஏறக்குறைய 1.4 கோடி காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) அளவுக்கு இருக்கும் காந்தப்புலம். பூமியின் புலம் அரை காஸ் மட்டுமே என்பதோடு ஒப்பிட்டால் அதன் வலிமை விளங்கும். வெகு தொலைவில் வாயுவின் வேகமே அதன் பாதையைத் தீர்மானிக்கிறது. அருகே வர வர, காந்தப்புலத்தின் அழுத்தம் வாயுவின் அழுத்தத்தைவிட மிக விரைவாக ஏறுகிறது. இரண்டும் சமமாகும் எல்லையைக் கடந்தபின், மின்னேற்றம் பெற்ற அந்த வாயு புலக்கோடுகளைக் குறுக்கே வெட்டிச் செல்ல இயலாமல், அவற்றின் வழியே மட்டும் வழுக்கிச் செல்லும் நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த எல்லை, வட்டு உருவாகியிருக்கக்கூடிய இடத்துக்கும் வெளியே அமைந்துவிட்டால், வட்டுக்கு வாய்ப்பே இல்லை.

[திரையில்: வாயுத்தாரை வளைந்து காந்தமுனையை நோக்கி இறங்குகிறது.]

காந்தமுனைக்கு அருகே இந்த வாயு விநாடிக்கு 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விழுகிறது. மேற்பரப்பைத் தொடுவதற்குச் சற்று முன் அதிர்ச்சி அலையில் சிக்கித் திடீரென வேகம் இழக்கும்போது, அந்த இயக்க ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக மாறி, வாயு 10 கோடி பாகையைத் தாண்டிச் சூடாகிறது. உகூரு பதிவு செய்த எக்ஸ் கதிர்கள் அங்கிருந்து வந்தவையே. அதே குறுகிய இடத்தில் எலக்ட்ரான்கள் புலக்கோடுகளைச் சுற்றிச் சுழன்று சைக்ளோட்ரான் கதிர்வீச்சை வெளியிடுகின்றன. டாபியா அளந்த முனைவாக்கத்தின் பிறப்பிடமும் அதுதான்.

இந்த அளவீட்டை முன்னிட்டே இவ்வகை இரட்டைகளுக்குப் ‘போலார்’ என்ற பெயர் வந்தது. காந்தப்புலம் இங்கே இன்னொரு வேலையையும் செய்கிறது. அது துணை விண்மீனோடு பிணைந்து வெண்குறுமீனின் தற்சுழற்சியைச் சுற்றுக்காலத்தோடு பூட்டிவிடுவதால், நிலவு பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல வெண்குறுமீனும் தன் துணைக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது. இந்தப் பூட்டு உடையவும் கூடும். 1975இல் நோவாவாக, அதாவது திடீரெனப் பன்மடங்கு ஒளிர்ந்து, வெடித்த வி1500 சிக்னி என்ற போலாரில், தற்சுழற்சி சுற்றுக்காலத்தைவிட ஏறக்குறைய 2 சதவீதம் விரைவாக இருப்பது பின்னர் தெரியவந்தது.

புலம் சற்று வலுக்குறைந்திருக்கும் இரட்டைகளில் வட்டின் உட்பகுதி மட்டும் அழிந்து, வெளிவிளிம்பு நிலைக்கிறது. 1934இல் நோவாவாகத் தெரிந்த டி.க்யூ. ஹெர்குலிஸ் அத்தகையது; அதன் ஒளி 71 விநாடிக்கு ஒருமுறை துடிப்பதை மெர்ல் வாக்கர் 1954இல் கண்டறிந்தார்.

இனி, 1.4 கோடி காஸ் என்ற எண் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லவேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளி சைக்ளோட்ரான் கதிர்வீச்சின் அடிப்படை அதிர்வெண்ணாகவே இருக்கும் என்று கொண்டு, முதலில் 20 கோடி காஸ் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் அந்த ஒளி, அடிப்படை அதிர்வெண்ணின் உயர் மடங்குகளில் வந்துகொண்டிருந்தது. இது உறுதிப்பட, விண்மீன்தான் வாய்ப்பளித்தது. செங்குறுமீனிலிருந்து வரும் தாரை அவ்வப்போது ஏறக்குறைய நின்றுபோவதுண்டு; செங்குறுமீனின் கரும்புள்ளிகள் லாக்ராஞ்சு புள்ளிக்கு அருகே நகர்ந்து வந்து வாயிலை அடைப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். 1980இல் அப்படி ஒளி தாழ்ந்த வேளையில், விழும் வாயுவின் பிரகாசம் விலகி, வெண்குறுமீனின் மேற்பரப்பே நேராகத் தெரிந்தது. அதன் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் காந்தப்புலத்தால் பிளவுபட்டிருந்தன.

[திரையில்: பிளவுபட்ட ஹைட்ரஜன் கோடுகள்.]

அந்தப் பிளவின் அகலம், முதல் மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான புலத்தையே காட்டியது.